கண் படாமல் பேசத் தெரிந்தவளுக்கு

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். திண்டிவனம் நிலையத்தை விட்டு வண்டி நகரும் முன்பே நம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வேகவைத்த வாசம் ஜன்னல் வழியாக வந்தது. உன் வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தவள் அந்த வாசத்துக்கு அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறுத்தியது. எத்தனை பெண்கள் வந்திருந்தார்கள் உனக்கு, வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு! என் காரியத்துக்கு இதில் கால்வாசிக் கூட்டமாவது வருமா என்று நினைத்தேன். பொறாமைதான், வேறென்ன?

எண்பதுகளில் விழுப்புரத்தில் நாம் இருவரும் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸுகள். நீ தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வருவாய், கைப்பையில் ஒரு பொட்டலம் மல்லாட்டையோடு. குறைமாசக் குழந்தைக்கு மூக்கில் குழாய் விடுவதிலும், நூல்போன்ற நரம்பில் ஊசி ஏற்றுவதிலும் என் கைதான் சுத்தம். டாக்டரே சொல்வார். ஆனால் தாய்மார்கள் கேட்பது என்னவோ உன்னைத்தான். "திண்டிவனத்து நர்ஸம்மா வரலையா?" என்று என்னிடமே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாள் பயிற்சி கொடுக்க வந்தார். தாய்மாரிடம் எப்படிப் பேசுவது, அவர்கள் அழும்போது என்ன செய்வது, நமக்கு வரும் எரிச்சலை எங்கே வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தி தாயாகவும் ஒருத்தி நர்ஸாகவும் நடித்துக் காட்டினோம். குழந்தையைப் பற்றித் தாயிடம் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லுங்கள் என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. நான் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தேன். நீ கடைசி வரிசையில் தூங்கினாய். எவர்சில்வர் டம்ளர் பரிசு எனக்குத்தான் வந்தது. இனி வார்டில் என்னைத்தான் கேட்பார்கள் என்று நம்பினேன்.

ஒலக்கூர் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்போது வார்டில் இருந்தாள். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது எட்டு மாசத்திலேயே பிறந்து, விளக்குச் சூட்டில் பஞ்சுக்குள் கிடந்து, சங்கில் பால் குடித்துத் தேறிக்கொண்டிருந்தது. பார்வையாளர் நேரம், வார்டு நிறையக் கூட்டம். நான் படித்த பாடத்தை எடுத்து விட்டேன். "கொழந்த லட்சணமா இருக்குதும்மா. நல்லா சதை போட்டுக்கினு வருது. குடுத்து வச்சவ நீ" என்றேன். சுற்றி இருந்த அத்தனை பேரும் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார்கள். மாமியார்க்காரியின் முகம் கருத்துப்போனது.

கண் பட்டுவிட்டது, இனி இங்கே வைத்திருக்க மாட்டோம் என்று துணி மூட்டையைக் கட்டிவிட்டார்கள். வெளிக்காற்று பட்டால் பிழைக்காது, ஊர் போய்ச் சேர்வதற்குள் சில்லிட்டுவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். மாமியார் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் பேசப் பேச அவர்கள் நடை வேகமானது.

வாசலில் நீ எதிரே வந்தாய், ரயிலிலிருந்து இறங்கி நேராக. கண் பட்டுவிட்டது என்று மாமியார் புலம்பியது காதில் விழுந்திருக்கும், என்ன நடந்தது என்று நீ யாரையும் கேட்கவில்லை. துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாய்.

"இன்னா குப்ப, எங்க கெளம்பிட்ட? காஞ்ச கருவாடு மாதிரி இருந்துக்கினு ஊர் சுத்தப் போறியா? உன்ன எவ கண்ணு வெக்கப் போறா? உள்ள வந்து கெட."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையில் உப்பும் மிளகாயும் கொடுத்து, நெடி வார்டுக்குள் வராதபடி கிணற்றடியில் சுற்றிப்போடச் சொன்னாய். அதற்குள் குழந்தை உன் கையிலிருந்து விளக்கடிக்குப் போய்விட்டது. அது பிழைத்து, குப்பம்மா என்ற பெயரோடுதான் ஊருக்குப் போனது. எனக்கு நெஞ்சு ஆறவில்லை. பரிசு வாங்கியவள் நான், பேசத் தெரிந்தவள் நீயா?

அந்த மெட்ராஸ் அம்மாள் மறுபடி வந்து அனுபவங்களைக் கேட்டபோது நீதான் எழுந்தாய். எங்கள் பக்கம் பிள்ளை தங்காத வீட்டில் குழந்தையைப் புகழக்கூடாது, திட்டித்தான் கொஞ்ச வேண்டும் என்று சொன்னாய். புகழ்ந்தவள் யாரென்று சொல்லவே இல்லை. அதைச் சொல்லித் தொலைத்திருந்தால்கூட உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

ஒருநாள் உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தபோது கேட்டே விட்டேன், உனக்கு மட்டும் எப்படி வருகிறது என்று. மல்லாட்டைத் தோலை உரித்துக்கொண்டே சொன்னாய்: "எனக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கல. குப்பமேட்ல போட்டு எடுத்த புள்ளடீ நானு. எங்கம்மா என்ன ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லிக் கொஞ்சினதில்ல." சொல்லிவிட்டுப் பருப்பை என் கையில் போட்டாய். என்னை யாரும் குப்பைமேட்டில் போடவில்லையே என்று அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் பிரசவம் முடிந்து வந்தாள். அவளுக்கும் முதல் பிள்ளை தங்கவில்லை. குழந்தையைக் காட்டும்போதே முந்தானையால் அதன் முகத்தை மூடினாள், பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று. நான் குனிந்து, "இன்னா குப்ப, கருவாடு மாதிரி இருந்துக்கினு எங்கடீ வந்த?" என்றேன். அவள் பயம் தெளிந்து சிரித்தாள். "இப்படிப் பேச எங்க கத்துக்கினீங்கம்மா?" என்று கேட்டாள். என் வாழ்நாளில் என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் என் அனுபவம்தான் என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உனக்குத்தான் அத்தனை பேர் வந்தார்களே, இந்த ஒன்று எனக்கு இருக்கட்டும். அந்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை நீ எடுத்துக்கொள்.