துவைக்காத சால்வை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே நா எழவில்லை, ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் வளர்த்த வாண்டு, பெற்றவளிடமே போய்விட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்னதிலிருந்து அம்மா நம் சலவைக்கடைப் பக்கமே வரவில்லை. நான்தான் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறேன். நேற்று வாத்தியாரின் வெள்ளைச் சட்டைக் காலரைப் பொசுக்கிவிட்டேன். பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே மடித்து வாங்கிக்கொண்டு போனார்.

உன் பெரியப்பா வந்து, அப்பவே சொன்னேன், சொந்தத்துல ஒரு பிள்ளைய முறைப்படி தத்து எடுத்திருந்தா இந்த வம்பே இல்ல என்று ஆரம்பித்தார். சொந்தத்தில் யார் பிள்ளையைக் கொடுக்கக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டேன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். காப்பகத்துக் கைக்குழந்தைக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தது நீங்கள், அவரா? வாண்டைப் பெற்றவள் நோயில் கிடக்கிறாள், தேறும்வரை வளர்க்க ஆள் வேண்டும், அவள் தேறாவிட்டால் கோர்ட்டு மூலம் உங்களுக்கே தத்துக் கொடுப்போம் என்று குழந்தைகள் நல அதிகாரி அம்மா சொன்னபோது, தேறிவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். நீ தெரிந்தேதான் கை நீட்டினாய். தெரிந்திருந்தால் மட்டும் வலி குறைந்துவிடுமா என்ன. அந்தப் பெண் பிழைத்து எழுந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று மனசுக்குச் சொல்கிறேன், பாழாய்ப்போன மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அம்மா ஒன்றையே சொல்லி அழுகிறாள். வாண்டு உங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் உனக்குத் துணையாக வந்தவள், அது கட்டிக்கொண்டு வந்த அழுக்குப் போர்வையைப் பார்த்ததும் கை சும்மா இருக்காமல் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தாளே, சலவைக்காரி புத்தி. போர்வை பளிச்சென்று இருந்தது, பிள்ளை அதை மோந்து பார்த்துவிட்டு வீசி எறிந்து அழுதது. பழகின வாசனை இருந்தால்தான் புது இடத்தில் தூங்கும், அதனால்தான் துவைக்காமல் அனுப்பினோம் என்று அதிகாரி அம்மா சொன்ன பிறகுதான் இவளுக்கு உறைத்தது. நீ ஒரு வார்த்தை திட்டவில்லை, உன் சால்வையைச் சுருட்டி அதன் கையில் கொடுத்துப் பழக்கினாய். இப்போது அதே சால்வையைத் துவைக்காமல் வாண்டோடு அனுப்பிவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்டுவிட்டு கடையில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன் மகளே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மறுபடி பெயர் பதியலாமா என்று அதிகாரி கேட்டாராம், நீ எழுந்து உள்ளே போய்விட்டாயாம். யாரும் திரும்பக் கேட்டு வராத, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளும் காப்பகத்தில் காத்திருக்கிறார்களாம். முதலில் அழுது முடி. வேண்டவே வேண்டாம் என்று மட்டும் இன்றைக்குச் சொல்லிவிடாதே. எந்த வயசில் வந்தாலும் நாங்கள் தாத்தா பாட்டிதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கவனி, அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். இருவரும் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசி. வாண்டின் கவுன் ஒன்று அழுக்குக் கூடையிலேயே தங்கிவிட்டது, நீ அந்தக் கூடையை விட்டு நகரவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்துப் பிழைத்தவன் சொல்கிறேன், அதைத் துவைக்காதே. அம்மாவும் அதையேதான் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா