வளைவில் திரும்பாத எஞ்சின்

மவுண்ட் கார்மெல், பென்சில்வேனியா
நவம்பர் 1996, திங்கள் காலை

அன்பு கிரெக்,

அம்மா எழுதுகிறேன். அந்த அலாஸ்கா குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பா நலம், கொஞ்சம் அதிகமாகவே நலம். எனக்கு வைத்த புது முழங்கால் ஒழுங்காக நடக்கிறது, பழையதுதான் பக்கத்தில் இருந்துகொண்டு முனகுகிறது. ஆக்னஸ் பெரியம்மாவுக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது, இப்போது என் வீட்டுத் தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறதாம். கோயிலில் வெள்ளிக்கிழமை பியரோகிக் கொழுக்கட்டை விற்பனைக்கு இந்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை, கேட்டால் உன் முழங்காலுக்கு ஓய்வு வேண்டுமே என்கிறார்கள், உருளைக்கிழங்கு மசிப்பதற்கு முழங்கால் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டால் எனக்கு வாய் அதிகம் என்பார்கள்.

போன வாரம் போனில், நிலவறையில் என் மலை போய்விட்டது என்று மட்டும் நான் சொன்னதற்கு நீ சொன்ன வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம். "வெறும் பிளாஸ்டர்தானேம்மா, திரும்பச் செஞ்சா ஆச்சு" என்றாய். அதே மூச்சில், கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கு நீ அனுப்பிய அந்த எஞ்சினுக்குப் பொருத்தமான ரயில் பெட்டிகள் ஒரு செட் அனுப்பப்போவதாகவும் சொன்னாய். அனுப்பாதே. அதை அப்போதே சொல்லியிருப்பேன், உன் அப்பா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் சரிடா சரிடா என்று வைத்துவிட்டேன். இப்போது அவர் கடைக்குப் போயிருக்கிறார். ஏன் அனுப்பக் கூடாது என்று முழுவதும் எழுதுகிறேன், உட்கார்ந்து படி, பாதியில் டிவி பார்க்கப் போகாதே.

நிலவறையில் மேசை மேல் ஓடும் அந்தப் பொம்மை ரயில் உனக்குத் தெரியாததில்லை, அதன் கீழே தவழ்ந்து வளர்ந்தவன் நீ. ஆனால் அதில் எது யாருடையது என்று நீ எப்போதாவது யோசித்திருக்கிறாயா என்று எனக்குச் சந்தேகம். தண்டவாளம், வயர், எஞ்சின் உன் அப்பாவுடையது. மலை, மரம், ஓடை, வீடுகள் என்னுடையவை. கம்பி வலை மேல் பிளாஸ்டர் துணி விரித்து, பாறைக்கு மை கரைத்து ஊற்றி, பின்கட்டில் காய்ந்து நிற்கும் களைச்செடியை ஒடித்து வந்து மரமாக்கி, உதிர்ந்த இலையை மிக்ஸியில் பொடித்துக் காட்டுத் தரையாகத் தூவினது நான். அதற்கப்புறம் ஒரு வருடம் காபியில் மேப்பிள் வாசம் வருகிறது என்று நீதான் குறை சொன்னாய். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "எமில், உன் ரயில் அபாரம்" என்று அவர் முதுகில்தான் தட்டுவார்கள், நான் காபி எடுத்து வருவேன். அது எனக்குப் பழகிவிட்டது, அதை நான் இப்போது பேசவில்லை. அந்த வளைவில் இருந்த மலையைப் பேசுகிறேன். அதில் வரிசையாக நின்ற சுரங்கத் தொழிலாளர் வீடுகள் நான் பிறந்த ஆறாம் நம்பர் காலனி. கடைசி வீட்டின் பின்னால் துணி உலர்த்தும் கொடி, கொடியருகே நகமளவு பொம்மையாக என் அம்மா. எனக்குப் பத்தொன்பது வயதில், மண்ணுக்கு அடியில் சுரண்டியது போதாமல், கம்பெனிக்காரன் மேலிருந்தே மலையைத் திறந்து நிலக்கரி எடுக்க வந்தான். வீடுகளை இடித்தான், அம்மாவும் நாங்களும் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம், காலனி இருந்த இடத்தில் இன்றும் குழிதான். அந்த வீடுகள் நின்றுகொண்டிருந்த ஒரே இடம் நம் வீட்டு நிலவறை.

உன் அப்பாவின் சட்டம் உனக்குத் தெரியும். அந்த அறைக்குள் எப்போதும் நாற்பத்தெட்டாம் வருட அக்டோபர். அதற்குப் பிந்திய ஒரு கார், ஒரு விளம்பரப் பலகை உள்ளே வரக் கூடாது. எஞ்சின் வாங்குவதென்றால் அந்தக் கிளைப் பாதையில் அந்த வருடம் ஓடியதா என்று பார்ப்பார், வளைவில் திரும்புமா என்று பார்ப்பார், குகை வாயில் நுழையுமா என்று அட்டையை வெட்டி வைத்துப் பார்ப்பார், அப்புறமும் ஆறு மாதம் யோசிப்பார். அவருடைய ரயில் கிளப் சிநேகிதன் லெனர்ட் ஒரு தடவை மேற்குப் பாலைவனத்தில் ஓடுகிற ராட்சத எஞ்சின் ஒன்றை வாங்கித் தன் சின்ன மேசையில் வைத்தபோது, கிளப் முழுக்கக் கேட்கும்படி, "ஏன் லெனர்ட், வயோமிங்ல ஓடுற வண்டி இங்க எதுக்கு வந்துது, அதோட அத்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டவர் அவர். லெனர்ட் ஒரு மாதம் கிளப் பக்கமே வரவில்லை.

நீ அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்பியது அதே எஞ்சின். லெனர்டுடையதை விடப் பெரியது, பித்தளை, விலையை நான் கேட்கமாட்டேன். ஒரு போன் போட்டு வளைவு எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதைக்கூடவா சொல்லித்தர வேண்டும். பெட்டியைத் திறந்து அவர் நாள் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் தண்டவாளத்தில் வைத்தார். நேர்ப் பாதையில் நன்றாகத்தான் போனது, என் மலை வளைவுக்கு வந்ததும் முன் சக்கரம் இறங்கி, உடம்பு குகை வாயில் இடித்து நின்றுவிட்டது. பத்துத் தரம் வைத்தார், பத்துத் தரமும் அப்படித்தான். நான் சொன்னேன், "கண்ணாடி அலமாரியில வைங்க, பாக்க அழகா இருக்கும், அவனும் சந்தோஷப்படுவான்" என்று. அவரோ உனக்குப் போன் செய்து, "டேய் கிரெக், தங்கம் மாதிரி ஓடுதுடா" என்றார். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செப்டம்பரில் முழங்காலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கிருந்து ஆக்னஸ் பெரியம்மா வீட்டில் இரண்டு வாரம். உன் அப்பா தினமும் வந்து பார்த்தார், பூ வாங்கி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து பூ வாங்காத மனுஷன். வீட்டுக்கு வந்த பிறகும் நிலவறைக் கதவருகே நான் போனாலே, "ஹெலன், படி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல" என்று ஓடி வந்து என்னை நாற்காலியில் உட்காரவைப்பார். என்ன அக்கறை, என்ன அக்கறை. துணி துவைக்கப் போட்டபோது அவர் கால்சட்டை மடிப்பிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. பிளாஸ்டர் தூள் எனக்குத் தெரியாதா. அவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். மலையில் பாதி இல்லை. ரம்பத்தால் நேராக அறுத்து, உள்ளே தள்ளிப் புதுத் தண்டவாளம் போட்டிருந்தார். அறுத்த முகத்தில் கம்பி வலையும், நான் அடைத்த பழைய செய்தித்தாளும் பிதுங்கிக்கொண்டு இருந்தன. வீடுகள் ஒரு ஷூ பெட்டிக்குள், டிஷ்யூ காகிதம் சுற்றி. நான் அழவில்லை. அங்கேயே கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

வந்தவர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார். "ஒண்ணையும் உடைக்கல ஹெலன், எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். "அவன் அனுப்பினது ஓடலைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். உள்ளதைச் சொல்லுங்கள், மகன்தானே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "ஏழு வருஷமா அவன் வரல. இதுதான் வந்திருக்கு. இதையும் வெளியே நிறுத்தச் சொல்றியா?" ஆனால் கிரெக், அவர் ரம்பத்தை எடுக்கும் முன் என்னைக் கேட்கவில்லை. உன் மனம் நோகக் கூடாது என்று அவ்வளவு பார்த்தவர் என் மனதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

நவம்பரில் வழக்கம்போல ஊர் ஊராக ஆட்கள் ரயில் பார்க்க வரும் நாள் நெருங்கியதும் என்னைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார். "நீ கொஞ்சம் கை வெச்சா மூடிடும் ஹெலன், ரெண்டு மரம், நாலு புதர் போதும்." முடியாது என்றேன். லெனர்டை விட்டுச் சொல்லவைத்தார். அவனுக்கும் முடியாது என்றேன். அப்புறம் ஒரு நாள் எனக்கே ஒன்று தோன்றியது. எதற்கு மூட வேண்டும்? கீழே போனேன். வெட்டிய முகத்தைப் படிப்படியாகச் செதுக்கினேன். உன் அப்பா வழித் தாத்தா வீட்டு அடுப்பருகே மிஞ்சியிருந்த நிஜ நிலக்கரியை உடைத்துச் சலித்து, சோப்புத் தண்ணீரில் கலந்த பசை ஊற்றி ஒட்டவைத்தேன். அடியில் தேங்கிய தண்ணீருக்கு அந்தக் குழிகளில் நிற்கும் அதே கெட்ட பச்சை. ஷூ பெட்டியிலிருந்து இரண்டே இரண்டு வீடுகளை எடுத்து விளிம்பில் வைத்தேன், ஒன்று முழுசாக, ஒன்று பாதியாக. கொடிக்கு ஒரு கம்பம்தான் மிஞ்சியது, துணி சரிவில் தொங்குகிறது. அம்மாவைப் பழைய இடத்திலேயே நிறுத்தினேன், அவள் காலடியில் நிலம் முடிகிறது. நிஜக் குழி வந்தது அந்த அக்டோபருக்கு அப்புறம்தானே, நாற்பத்தெட்டாம் வருடம் அதோடு போயிற்று. உன் அப்பா பார்த்தார், சட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நேற்று முன்தினம் எல்லோரும் வந்தார்கள். குகையையோ பாலத்தையோ ஒருவரும் பார்க்கவில்லை, என் குழியின் முன்னால்தான் கூட்டம். அச்சு அசல், அச்சு அசல் என்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் வயதுக்காரி ஒருத்தி வெகுநேரம் நின்றுவிட்டு, "எங்க வீட்டையும் இப்படித்தான் விட்டுட்டுப் போனானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள், அவளுக்கு மட்டும் நான் காபியோடு, கொட்டைப் பருப்பு வைத்துச் சுட்ட நட் ரோலும் கொடுத்தேன். அப்போது உன் எஞ்சின் வந்தது. லெனர்ட் எத்தனை வருடமாகக் காத்திருந்தானோ, "ஏன் எமில், அத்தைக்கு இன்னும் உடம்பு தேறலையா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவின் முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் தலையைத் தூக்கி, "என் மகன் அனுப்பினான்" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது லெனர்ட் அவர் முதுகில் தட்டி, குழி அபாரம் என்றான். உன் அப்பா எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "பாத்தியா, எல்லாரும் உன்னோடதத்தான் பாத்தாங்க. இப்ப கோபம் போச்சா?" என்றார். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வளைவு தாண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கையில் பெட்டியோடு ஒரு பொம்மை ஆள் நிற்பான், நீ ஊரைவிட்டுப் போன வாரம் உன் அப்பா கொண்டுவந்து ஒட்டியது. அவன் போகிறவனா வந்து இறங்கியவனா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை, தூசி தட்டக்கூட என்னை விடமாட்டார். உன் எஞ்சின் வளைவில் திரும்பும்போது மூக்கு தண்டவாளத்துக்கு வெளியே நீளும். மலையை வெட்டிய பிறகும் அது நீளத்தான் செய்கிறது. ஓடிய முதல் தடவையே அந்த ஆளை அடித்துக் கீழே தள்ளியது. மறுபடி ஒட்டினார், மறுபடி தள்ளியது. இப்போது எஞ்சினை ஓட்டும் முன் அவனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், ஓட்டி முடித்ததும் திரும்ப வைக்கிறார். உனக்கு அனுப்பிய வீடியோ கேசட்டில் பிளாட்பாரம் காலியாக இருக்கும். நீ கவனித்திருக்கமாட்டாய். நீ அனுப்பப்போகிற ரயில் பெட்டிகள் எஞ்சினைவிட நீளம் என்கிறாய். அதற்கு ஸ்டேஷனையே எடுக்க வேண்டிவரும், அவர் எடுத்துவிடுவார், என்னைக் கேட்கமாட்டார். அதனால்தான் சொல்கிறேன், அனுப்பாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை, நம் வீட்டு ஆண்களுக்கு இதயம்தான் முதலில் மக்கர் செய்யும். மாதா உன்னைக் காப்பாற்றட்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, கோபமாக எழுதினாலும் அது குறைந்துவிடாது. நான் எழுதியதை அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, ஞாயிறு போன் செய்தால் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேள், அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்.

மறக்காமல் ஒன்று. அந்த ஆளை அவர் நேற்றுக் காலை சட்டைப் பையிலேயே மறந்துவிட்டார், சட்டை மெஷினுக்குள் போய்விட்டது. பஞ்சோடு பஞ்சாக வடிகட்டியிலிருந்து எடுத்தேன். கையில் பெட்டி இருக்கிறது, சாயமெல்லாம் போய்விட்டது, முகம் இல்லை. "இவனை மட்டும் சரி பண்ணிக் குடு ஹெலன்" என்று என் முன்னால் வந்து நின்றார், மலைக்குக்கூட அப்படி நிற்கவில்லை. கோட்டுக்குப் பழுப்பு அடித்துவிட்டேன், நீ அன்றைக்குப் போட்டுப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தலையைத்தான் முடிக்க முடியவில்லை. இப்போது உனக்கு முடி நரைத்திருக்கிறதா, கொட்டிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. சமையலறை ஜன்னலில் நிற்கவைத்திருக்கிறேன். வந்தால் பார்த்து வரைகிறேன்.

உன் அம்மா,
ஹெலன் சபோல்