நீளமான சொல்

ஒசாகா

அன்புள்ள யூசியாவுக்கு,

அம்மாவின் முட்டி வலி தேவலையா? நான் நலம். பட்டறையில் சூடு பட்ட விரலும் ஆறிவிட்டது, கவலைப்படாதே.

புத்தாண்டு விடுப்பில் வீட்டுக்கு வந்த ஐந்து நாளும் உன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கேம் பெட்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கி வந்த ஜப்பான் கேம் அதில் ஓடவில்லையே என்று எனக்கு ரோஷம்.

"எங்களைப் பாக்க வந்தீங்களா, அந்தப் பெட்டியைப் பாக்கவா?" என்று நீ குத்தினாய்.

"கூட வெளையாட வாங்கப்பா" என்றாள் நம் மகள் பெய்ரூ.

"இரும்மா, இன்னும் ஒரே ஒரு கம்பிதான்."

கிளம்புகிற காலையில்தான் கடைசிக் கம்பியும் சிப்பில் ஒட்டியது. கேம் ஓடியது. நான் விமானத்துக்கு ஓடினேன்.

நேற்று அவள் கடிதம் வந்தது. ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் கேள்வியையும் கீழுள்ள இரண்டு சொற்களையும் பென்சிலால் வரைந்திருக்கிறாள். "நம்ம சீன எழுத்துன்னா படிச்சிருவேன், இது வளைஞ்சு வளைஞ்சு இருக்குப்பா. நீளமா இருக்கறதை அழுத்தறேன். மறுநாள் மொதல்லேருந்து வருது."

ஆடியதைச் சேமிக்கவா என்பதுதான் கேள்வி. குட்டையான சொல் 'ஆம்'. நீளமானது 'இல்லை'. மூன்று மாதமாகத் தினமும் 'இல்லை' என்றே அழுத்தியிருக்கிறாள்.

முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு, இங்கே எல்லாமே இனிக்கிறது. திரையில் வருவதையெல்லாம் வரைந்து அனுப்பச் சொல். மணியடிக்கிறது, போகிறேன். குட்டையானதை அழுத்தச் சொல். இத்தனை நாள் அவள் தப்பாக அழுத்தினாள் என்று மட்டும் சொல்லாதே. அப்பா பக்கத்தில் உட்காரவில்லை என்று சொல்.

வென்பின்