அலையின் வாலில் ஒரு புடைப்பு

மார்ச் 3
கணினிக்குள் இரண்டு கருந்துளைகளைச் சுற்றவிட முயன்று பதினோரு மாதம் ஆகிறது. ஒரு சுற்று முடிவதற்குள் நிரல் மண்டையைப் போட்டுவிடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததுமே இவர், "ரெண்டும் இன்னைக்காவது சண்டை போடாம சுத்துச்சா?" என்றார். முறைத்தேன். மே மாதத்தோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. ஏதாவது காட்டினால்தான் நீட்டிப்பு.

மார்ச் 11
சுற்றின! இத்தனை நாளும் இரண்டையும் கணினியின் கட்டத்தில் ஆணியடித்த மாதிரி நிறுத்தியே கணக்குப் போட்டேன். இந்த முறை இஷ்டத்துக்கு நகர விட்டேன். நாலு சுற்று சுற்றி ஒன்றாகிவிட்டன. அப்போது எழுந்த ஈர்ப்பலை திரையில் அவ்வளவு அழகு. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

மார்ச் 12
அலை அடங்கிய பிறகு அதன் வாலில் சின்னதாக ஒரு புடைப்பு. எங்கள் குழுவின் பேராசிரியர் குதிக்காத குறை. "இது புதுசும்மா! யாருமே பாத்ததில்ல." மதியத்துக்குள் நிறுவன இயக்குநர் வரை சொல்லியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அரங்கில் அறிவிப்பாம். நீட்டிப்பு கிடைத்த மாதிரிதான்.

மார்ச் 15
மனசு கேட்கவில்லை. கணினிக்குள் இருக்கும் வெளிக்கு ஓர் எல்லைச் சுவர் உண்டு. அதை இரு மடங்கு தள்ளி வைத்து மறுபடி ஓட்டினேன். புடைப்பும் அதற்கேற்பத் தாமதமாக வந்தது. போச்சு. வானத்து ரகசியமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் கட்டிய சுவரில் அலை முட்டித் திரும்பியிருக்கிறது.

சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே.

இவரிடம் சொன்னேன். "சொல்லிடு. வேலை போனா வேற தேடிக்கலாம். நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா என்னால தாங்க முடியாது."

மார்ச் 16
சொல்லிவிட்டேன். பேராசிரியர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டேனேம்மா."

மார்ச் 19, வெள்ளி
அரங்கு நிறைந்திருந்தது. "நான் சொன்ன புதுமை எங்க சுவரோட எதிரொலி. கண்டுபிடிச்சவங்களே சொல்லட்டும்" என்று பேராசிரியர் என்னை மேடையேற்றிவிட்டார். சுவரைத் தள்ளி வைப்பதற்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு அலைப்படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினேன். கொல்லென்று சிரிப்பு. பிறகு கேள்வி மேல் கேள்வி. சுவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கருந்துளைகளை எப்படி நகர விட்டேன் என்றே துளைத்தெடுத்தார்கள்.

ஏப்ரல் 2
நீட்டிப்பு! இரண்டு வருடம்!

ஏப்ரல் 20
காலையில் பேராசிரியர் என் அறைக்கே வந்தார், கையில் தன் புதிய கணக்கின் அலைப்படத்தோடு.

"இன்னும் யார்கிட்டயும் வாய் திறக்கல. முதல்ல நீங்க பாருங்கம்மா."

கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.