தொட்டியை உடைத்த கிணறு

அன்புள்ள பிரவின்,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், உன் சளி விட்டதா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையின் மகள் நதியா வாந்தியும் பேதியுமாகக் கிடந்ததும், ஊரில் பாதிப் பேருக்கு அதேதான் என்பதும் உனக்குத் தெரியும். மேட்டு விடுதியின் செப்டிக் டேங்க் கசிந்து ஊர்க் கிணற்றில் இறங்குகிறது என்று தண்ணீரைச் சோதித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். விடுதி முதலாளி பெங்களூர்க்காரர், தமிழ் தெரியாது. அவருக்கு இங்கிலீஷில் மெயில் எழுத உன் சிநேகிதன் வெற்றிச்செல்வன் உன்னைக் கேட்டான். இங்கிலீஷ் டீச்சர் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டீர்கள். 'தி லீக் இன் யுவர் டேங்க் வாஸ் ட்ரேஸ்டு பேக் டு அவர் வெல்' என்று எழுதியிருக்கிறாய். ட்ரேஸ் பேக் டு என்றால், அந்த டு-வுக்குப் பின்னால் வருவதுதான் மூலகாரணம். எத்தனை முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன். அவர்கள் தொட்டி கசிந்ததற்கு நம் கிணறே காரணம் என்றல்லவா ஆகிவிட்டது. முதலாளி அதை விடுதி மேனேஜருக்கு அனுப்ப, அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நீங்க கெணத்துல வெடி வெச்சுதான் எங்க தொட்டி விரிசல் வுட்டுச்சு, நீங்களே எழுதிக் குடுத்துட்டு இப்ப இன்னா கேக்கறீங்க என்று வெற்றிச்செல்வனைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாம் தூர்தான் வாரினோம், வெடியே வைக்கவில்லை. உன்னைக் கேட்டால், அர்த்தம் புரிஞ்சிடும்மா என்கிறாய். மேனேஜருக்கு நன்றாகவே புரிந்தது. அதற்குள் நதியாவுக்கு ட்ரிப்ஸ் ஏறியது, பாஞ்சாலை ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள்.

பிறகு நானே எழுதினேன். 'தி ஜெர்ம்ஸ் இன் அவர் வெல் வேர் ட்ரேஸ்டு பேக் டு யுவர் டேங்க்', நம் கிணற்றுக் கிருமிக்கு உங்கள் தொட்டியே மூலம் என்று. சோதனை முடிவையும் சேர்த்து அனுப்பிவிட்டு, பாஞ்சாலையோடு விடுதிக்குப் போய், முதலாளி போனில் வரும்வரை வாசலிலேயே நின்றோம். நான் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே மேனேஜரைக் கூப்பிட்டார். தொட்டியைக் காலி செய்து புதிதாகக் கட்டுகிறார்கள். கிணற்றை இறைத்து மருந்து போட்டாயிற்று. நதியா எழுந்து நடக்கிறாள்.

அந்த முதல் மெயிலை எழுதியது நீதான் என்று பாஞ்சாலையிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், அவ்ளோ தூரத்துல இருந்தும் தம்பி நம்ம வூட்டுக்காக எழுதிச்சே டீச்சரம்மா என்கிறாள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு உன்மேல் இன்னும் ஆத்திரம்.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை முதலில் பாஞ்சாலையிடம் பேசு, பிறகு என்னிடம்.

உன் அம்மா,
ஞானமேரி