உடையாததால் தள்ளுபடியான கம்பி

அனுப்புநர்:
முனைவர் இவானா ஷ்பிர்கோவா,
உலோக ஆய்வாளர்,
விட்கோவிட்சே, ஒஸ்ட்ராவா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மண்டல உலோகச் சோதனை அலுவலகம்,
ஒஸ்ட்ராவா.

பொருள்: உடையவில்லை என்ற காரணத்தால் செல்லாது என ஒதுக்கப்பட்ட கலப்புலோகத்தை மறுபடி சோதிக்கவும், மீதிக் கம்பி பழைய இரும்போடு போவதை நிறுத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் சக ஆய்வாளர் லூபோர் ஹனாக்கும் இரும்பு, மாங்கனீசு, குரோமியம், கோபால்ட், நிக்கல் ஐந்தையும் சம பங்கில் உருக்கி ஒரு கலப்புலோகம் செய்தோம். எஃகில் இரும்புதான் தலைமை, மற்றவை உப்புக்குச் சப்பாணி. எங்களுடையது தலைவர் இல்லாத கூட்டணி. நம் நாட்டில் அப்படி ஒன்று கலையாமல் நிற்குமா என்று தாங்கள் சிரிக்கலாம்; இது நிற்கிறது. திரவ நைட்ரஜன் கலங்களின் திருகாணிகளுக்கு இதைப் பயன்படுத்தத் தங்கள் சான்று தேவை.

2. சென்ற வாரம் தங்கள் சோதனையாளர் திரு. ஒல்த்ரிஹ் மசூரெக், என் முன்னிலையில், நாங்கள் கொடுத்த கம்பியிலிருந்து வெட்டிய மாதிரித் துண்டை மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் மூழ்க வைத்து இழுத்தார். அவர் காலமெல்லாம் எஃகை இழுத்தவர். சாதாரண எஃகு அந்தக் குளிரில் பட்டென்று உடைந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இயந்திரத்தின் இழுவைத் தூரத்தைக் குறைவாக வைத்துவிட்டார். எங்கள் துண்டு நீண்டுகொண்டே போனது, விசையும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் இயந்திரம்தான் எல்லைக்கு வந்து நின்றது.

3. உடைந்த இரு பாதிகளையும் கையால் பொருத்தி நீட்சியை அளப்பது தங்கள் அலுவலக வழக்கம். இங்கே பாதிகள் இல்லை. திரு. மசூரெக் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ரெண்டு துண்டு இல்லாம எதை எதோட சேத்து அளக்கச் சொல்றீங்க, என்ஜினியரம்மா? உடையலைன்னா சோதனையே நடக்கலைன்னு அர்த்தம்." 'செல்லாது' என்று முத்திரை குத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதுவது முறையல்ல.

4. இது குருட்டு அதிர்ஷ்டமும் அல்ல. அதே வார்ப்பின் சிறு துண்டு ஒன்றைக் குளிரில் இழுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். இழுக்கும்போது உலோகத்தின் நுண்படிக மணிகளுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பட்டைகள் எழுகின்றன. அணு வரிசைகள் நழுவுவதை அவை மறிப்பதால் வலிமை கூடுகிறது. ஓரிடம் இறுகியதும் நீட்சி இறுகாத இடத்துக்கு நகர்வதால், எந்த இடமும் சீக்கிரம் மெலிந்து உடைவதில்லை. வலிமை கூடினால் நெகிழ்வு குறையும் என்று நாம் எல்லோரும் கல்லூரியில் படித்தோம். இந்த உலோகம் அந்த வகுப்புக்கு வரவில்லை போலிருக்கிறது.

5. என் கவலை மீதிக் கம்பியைப் பற்றியது. செல்லாத சோதனையின் மிச்சம் பழைய இரும்புக்குப் போகும் என்பது தங்கள் விதி. தங்கள் கிடங்கில் இருக்கும் அந்த ஒரு கம்பிதான் எங்களிடம் மிஞ்சியது. அதை வார்த்த உலையை வசந்த காலத்திலேயே பிரித்துவிட்டார்கள். கலவை சீராகும்வரை திருப்பித் திருப்பி உருக்கியவர் ஹனாக். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ உடைஞ்சிருந்தா மெடல் குத்தி அனுப்பியிருப்பாங்களா, இவானா?" என்றார்.

6. எனவே இழுவைத் தூரத்தை முழுமையாகத் திறந்துவைத்து, தங்கள் முன்னிலையில், திரு. மசூரெக்கின் கையாலேயே மறுசோதனை நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். எதுவும் முடிவில் உடையும், எங்களுடையதும் உடையும். எஃகைவிட அதிகம் நீளாமல் அது உடைந்தால், பாதிகளை நானே கொண்டுபோய்க் குப்பையில் போடுகிறேன்.

பழைய இரும்பு வண்டி வெள்ளிக்கிழமை காலை வருகிறது. அதற்குள் தங்கள் ஆணை வராவிட்டால், நான் கிடங்கு வாசலில் நிற்பேன். என்னை நகர்த்தத் திரு. மசூரெக்கை அனுப்புவதானால், இந்த முறையாவது இழுவைத் தூரத்தைச் சரியாக வைத்துக்கொண்டு வரச் சொல்லவும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
இவானா ஷ்பிர்கோவா

இடம்: ஒஸ்ட்ராவா
நாள்: 7 நவம்பர் 2023