தொட்டிக்காரர் மேல் பழியில்லை, சோறு என்னுடையது

அனுப்புநர்: ஆடைத் தொழிற்சாலை உணவுக்கூடச் சமையற்காரி. எல்லோருக்கும் ‘பெரியக்கா’.

பெறுநர்: உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: பதினேழு பேர் நோயுற்று, ஒருவர் இறந்தது குறித்த அறிக்கையைத் திருத்த வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அந்தச் செவ்வாயன்று காலையில் எங்கள் உணவுக்கூடத்தில் சாப்பிட்டவர்கள் மதியத்துக்குள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். தண்ணீரே காரணம் என்கிறது தங்கள் அறிக்கை. தண்ணீர்த் தொட்டி கழுவும் அண்ணனைக் காவலர்கள் கூட்டிப்போனார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஐயா.

2. கெட்டது சோறு. திங்கள் மதியம் அரை அண்டா மிஞ்சியது. சுடுசோற்றை வைத்தால் குளிர்பெட்டி கெடும் என்று, அண்டாவை மூடி, சாக்கு சுற்றி, அடுப்போரம் வைத்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். மறுநாள் காலை கையை விட்டால் கதகதவென்று இருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு! வெங்காயம், மிளகாய் போட்டுக் கிளறினேன். ‘இந்தச் சூட்டுல எந்தக் கிருமி உயிரோட இருக்கும்?’ என்று சிரித்தவளும் நானே.

3. அந்தக் கதகதப்பில்தான் கிருமி பெருகும், அது கக்கிய விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது என்று மருத்துவர் சொன்னார். நாற்றமில்லை, ருசியும் மாறவில்லை. இருபது வருடம் கரண்டி பிடித்தவளுக்கு இது தெரியவில்லை.

4. இறந்தவள் பொத்தான் தைக்கும் பிரிவில் வேலை செய்த என் கூடப்பிறந்த தங்கை. பசியோடு வந்தாளே என்று அண்டாவின் அடியில் இருந்ததைச் சுரண்டித் தட்டு நிறைய வைத்தேன். போதும்கா, போதும்கா என்றாள். கேட்டேனா நான்? மூன்றாம் நாள் போய்விட்டாள்.

5. தாங்கள் சோதனைக்கு வருமுன் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, பயத்தில் செய்தேன். அதனால்தான் தங்களுக்குச் சோறு கிடைக்கவில்லை, தொட்டிதான் கிடைத்தது.

6. நேற்று அந்த அண்ணனின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கணவரால்தானே உங்கள் தங்கை போனாள், மன்னித்துவிடுங்கள் என்று அழுதார். ஐயா, அவரை அழவிட்டேன்.

ஆகவே, அறிக்கையைத் திருத்தி அவரை இன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டுகிறேன். மிஞ்சும் சோற்றை உடனே தட்டில் பரப்பி, ஆற்றி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் கொட்டிவிட வேண்டும் என்று எல்லா உணவுக்கூடங்களுக்கும் உத்தரவிட வேண்டும். என்னைத் தேடி ஆள் அனுப்ப வேண்டாம். இதைக் கொடுத்துவிட்டுத் தங்கள் அலுவலக வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: தங்கை இறந்த ஒன்பதாம் நாள்

இப்படிக்கு,
சோறு வடித்தவள்
(கைரேகை)